அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளர்கள்: ஒரு தரவரிசையின் வரலாறு

அமெரிக்காவில் கால்பந்து என்றால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம். தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல். பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கல்லூரிகள் அதை ஆடத் தொடங்கிவிட்டன. முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்சுவிக்கில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என வென்றது. அன்று இரு அணிக்கும் பயிற்சியாளர் என்று ஒருவரும் இல்லை.

ஆடும் மாணவன் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். பயிற்சியாளரோ இருபது, முப்பது, சில இடங்களில் ஐம்பது ஆண்டுகள்கூட அதே ஊரில் இருந்துவிடுவார். அணியின் முகம் அவர்தான். அவர்களில் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் அங்கே ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. முதலிடத்தில் இருப்பவரின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் பெயருக்கு முன்னால் அளவுகோல் மாறியிருக்கிறது. மொத்த வெற்றி, வெற்றி விழுக்காடு, தேசியப் பட்டம், நன்னடத்தை என்று எதைக் கையில் எடுக்கிறோமோ, அதற்கேற்ப ஒருவர் மேலே வருகிறார்.

முதல் தலைமுறைக்கு எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. ஆட்டத்தையே உருவாக்கியவர்கள் அவர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880களின் தொடக்கத்தில் விதிகளைத் திருத்தி, ரக்பி போல முட்டிமோதிக் கிடந்த ஆட்டத்துக்கு இன்றைய வடிவத்தைத் தந்தார். மிச்சிகனின் ஃபீல்டிங் யோஸ்ட் 1901 பருவத்தில் 550 புள்ளிகள் குவித்தார். எதிரணிகள் அத்தனையும் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். ஜார்ஜியா டெக்கின் ஜான் ஹெய்ஸ்மன் 1916இல் கம்பர்லேண்ட் கல்லூரியை 222-0 என நசுக்கினார். இப்படிப்பட்ட கணக்குகளைப் பிற்காலத்தவரோடு ஒப்பிடுவது வீண்வேலை.

அந்தத் தலைமுறையில் தரவரிசைக்காரர்களை இன்றும் சிந்திக்க வைப்பவர்கள் இருவர். ஒருவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை 41 பருவங்கள் இருந்தார். எழுபது வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், கலிஃபோர்னியாவின் காலேஜ் ஆஃப் தி பசிஃபிக்கில் சேர்ந்து மேலும் 14 பருவங்கள் பயிற்சி தந்தார். 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். மற்றவர் கிளென் 'பாப்' வார்னர். பூர்வகுடிப் பிள்ளைகளை அவர்களுடைய மொழியிலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் பிரித்து வளர்க்க அமெரிக்க அரசு நடத்திய கார்லைல் பள்ளியில், ஜிம் தோர்ப் என்ற மாபெரும் வீரரை வைத்துக்கொண்டு அவர் கட்டிய அணி 1912இல் ராணுவக் கல்லூரியை 27-6 என வென்றது. தோற்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர், பின்னாளில் அதிபரான டுவைட் ஐசனோவர்.

1905 பருவத்தில் மைதானத்தில் மாணவர்கள் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி வீசுவது சட்டப்பூர்வமாயிற்று, பிற்காலத்தில் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்ற கட்டுப்பாட்டு அமைப்பும் உருவானது. வீச்சின் பயனை நாடறியச் செய்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. நார்வேயில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த இவர், 1913இல் நோட்ர டேம் வீரராக, கஸ் டொரை வீசிய பந்துகளைப் பிடித்து ராணுவக் கல்லூரியை 35-13 எனத் தோற்கடிக்க உதவினார். 1918இல் அதே கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளரானார். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். வெற்றி விழுக்காடு 88.1, முதல்தரக் கல்லூரிகளின் பட்டியலில் இன்றுவரை இதுதான் உச்சம். 1931 மார்ச் 31 அன்று கன்சாஸ் புல்வெளியில் விமானம் விழுந்து இறந்தபோது வயது 43. தள்ளாடும் கடைசிப் பருவங்கள் அவருக்கு வாய்க்கவில்லை என்பதையும் அந்த விழுக்காட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவருடைய மாணவரான ஃபிராங்க் லேஹி அதே கல்லூரியில் நான்கு தேசியப் பட்டங்கள் வென்று, 86.4 விழுக்காட்டோடு அடுத்த இடத்தில் நின்றும், பொதுமக்கள் நினைவில் ராக்னியின் நிழலைத் தாண்டவில்லை. 1940இல் வந்த திரைப்படம் ஒரு காரணம். அதில் ராக்னியின் வீரர் ஜார்ஜ் கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரீகன்.

1936இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாரந்தோறும் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்கெடுத்து அணிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது. முதல் பட்டம் பெர்னி பயர்மனின் மினசோட்டாவுக்குப் போனது. 1950இல் பயிற்சியாளர்களே வாக்களிக்கும் இன்னொரு பட்டியலும் வந்தது. இங்கே ஒரு விசித்திரம்: கூடைப்பந்து முதல் நீச்சல் வரை சாம்பியன்களைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ., கால்பந்தின் உயர்ந்த பிரிவுக்கு மட்டும் தேசியப் போட்டி நடத்தியதே இல்லை. பட்டம் என்பது பிறர் சூட்டுவது. சில வேளைகளில் தாமே எடுத்துச் சூடிக்கொள்வது. 1941இல் அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் இருபதாம் இடத்தில் முடிந்த அலபாமா, அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தையும் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

அலபாமா என்றதும் பால் 'பேர்' பிரையன்ட் வந்துவிடுவார். சிறுவயதில் ஆர்கன்சாஸில் கரடியோடு மல்லுக்கு நின்றதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. மேரிலாந்து, கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகியவற்றில் பணியாற்றிவிட்டு 1958இல், தான் படித்த அலபாமாவுக்கே திரும்பினார். 25 பருவங்கள், ஆறு தேசியப் பட்டங்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தரவரிசை எழுதியவர்களில் பெரும்பாலோர் பேனாவை எடுத்ததும் எழுதிய முதல் பெயர் இதுதான்.

ஆனால் அந்த ஆறையும் உரித்துப் பார்த்தால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. 1964இல் பட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்தில் அலபாமா டெக்சஸிடம் 21-17 எனத் தோற்றது. 1973இலும் அதே கதை: பயிற்சியாளர்களின் பட்டியல் பட்டத்தைக் கொடுத்த பின், நோட்ர டேமிடம் 24-23 எனத் தோல்வி. மறு ஆண்டிலிருந்து அந்தப் பட்டியலும் பௌல் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருக்கத் தொடங்கியது. 1978இல் பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்ட தெற்குக் கலிஃபோர்னியா, அதே பருவத்தில் அலபாமாவை அதன் சொந்த மாநிலத்திலேயே வீழ்த்திய அணி. மறுபுறம், 1966இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் எல்லாவற்றையும் வென்ற அலபாமாவுக்கு மூன்றாம் இடம்தான். தங்களுக்குள் 10-10 எனச் சமன் செய்த நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மேலே வைக்கப்பட்டன. கூட்டிக் கழித்தால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது என்பார்கள் பிரையன்டின் அன்பர்கள்.

நிறவெறியின் கணக்கு அவ்வளவு எளிதாக நேராவதில்லை. 1970 செப்டம்பர் 12 அன்று பர்மிங்காமில் தெற்குக் கலிஃபோர்னியாவின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம், முழுக்க வெள்ளையர் ஆடிய அலபாமா அணியை ஊடுருவி ஓடி 135 கெஜம் எடுத்தார், ஆட்டம் 42-21. மறு ஆண்டு அலபாமா அணியில் கறுப்பின மாணவர்கள் ஆடினார்கள். பிரையன்ட் முன்பே மாற்றத்தை விரும்பினார், மாநில அரசியல்தான் தடுத்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவருக்கிருந்த செல்வாக்கை வைத்துப் பார்த்தால், தாமதத்தின் ஒரு பங்கு அவருடையதுதான்.

1981 நவம்பர் 28 அன்று ஆபர்னை வென்று பிரையன்ட் 315ஆவது வெற்றி பெற்றபோது, ஸ்டாகின் 314ஐ முறியடித்ததாக நாடே கொண்டாடியது. இன்றைய என்.சி.ஏ.ஏ. பதிவேட்டில் வார்னருக்கு 319 வெற்றிகள். அந்தக் கணக்குப்படி பிரையன்ட் உண்மையில் முந்தியது அடுத்த பருவத்தில். 323இல் நிறுத்திக்கொண்டு, கடைசி ஆட்டம் முடிந்த 28ஆம் நாள் இறந்துபோனார்.

அந்த 323ஐத் தாண்டியவர் எடி ராபின்சன். லூசியானாவின் சிற்றூரான கிராம்பிளிங்கில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் 1941இல் 22 வயதில் பொறுப்பேற்றார். தொடக்க ஆண்டுகளில் மைதானத்துப் புல்லை வெட்டியவரும் அவரே; வெள்ளையர் உணவகங்களில் தம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்காது என்பதால் பயணத்துக்குச் சாண்ட்விச் கட்டியவரும் அவரே. 1942இல் அவருடைய அணி ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. எதிரணி எதுவும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 1949இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர், கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் வீரரானார். பின்னால் இருநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1985இல் ராபின்சன் பிரையன்டைத் தாண்டினார். 1997இல் ஓய்வு பெற்றபோது 408 வெற்றிகள்.

அவர் எதிர்கொண்ட அணிகள் சிறியவை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினக் கல்லூரிகளோடு ஆட மறுத்த காலம் அது. யாரோடு ஆடுவது என்பது அவர் கையில் இல்லை. மறுத்தவர்களின் மறுப்பை மறுக்கப்பட்டவரின் குறையாக எழுதுவது தரவரிசைகளின் பழைய அநீதி.

ராபின்சனின் 408ஐ 2011 அக்டோபரில் பென்சில்வேனியா ஸ்டேட்டின் ஜோ பட்டெர்னோ ஒரு வெற்றியால் கடந்தார். 1966 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளர். படிப்பிலும் ஒழுக்கத்திலும் முன்மாதிரி என்று பெயர். சில நாள்களிலேயே, அவருடைய முன்னாள் உதவியாளர் ஜெரி சண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்கில் கைதானார். தம்மிடம் வந்த புகாரை மேலிடத்துக்குச் சொன்னதோடு பட்டெர்னோ நின்றுவிட்டார் என்பது தெரியவர, நவம்பரில் பதவி நீக்கம், ஜனவரியில் மரணம். 2012 ஜூலையில் அவருடைய சிலை அகற்றப்பட்டது. 111 வெற்றிகளை என்.சி.ஏ.ஏ. பதிவேட்டிலிருந்து நீக்கியது. 409 என்பது 298 ஆனது. புளோரிடா ஸ்டேட்டின் பாபி பௌடன் 377 வெற்றிகளோடு பெரிய கல்லூரிகளின் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறினார். 2015 ஜனவரியில் ஒரு சமரசத்தின் பேரில் அத்தனையும் திருப்பித் தரப்பட, மீண்டும் பட்டெர்னோ. மைதானத்தில் ஓர் ஆட்டமும் நடக்காமல் வரலாற்றின் முதலிடம் இருமுறை கைமாறியது.

எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து எண்ணினால் இந்தச் சண்டையே தேவையில்லை. மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 2012 வரை இருந்த ஜான் கலார்டிக்கு 489 வெற்றிகள். பயிற்சியின்போது வீரர்கள் ஒருவரையொருவர் இடித்து வீழ்த்த அவர் அனுமதிக்கவில்லை, விசிலும் கிடையாது. உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்க்காத மூன்றாம் பிரிவு என்பதால் பெரிய பட்டியல்களில் அவர் அடிக்குறிப்பாகவே வருகிறார்.

இந்த நூற்றாண்டில் பட்டமே அளவுகோலாயிற்று. 1998 முதல் முதலிரு அணிகள் நேருக்கு நேர் மோதின. 2014 பருவம் முதல் நான்கு அணிகளின் சுற்று. 2024 முதல் பன்னிரண்டு. இதில் அறுவடை செய்தவர் நிக் சேபன். 2003இல் எல்.எஸ்.யூ.வுக்கு ஒன்று, 2009 முதல் 2020 வரை அலபாமாவுக்கு ஆறு, மொத்தம் ஏழு. பிரையன்டின் தொடக்க காலத்தில் உதவித்தொகையில் எத்தனை வீரர்களை வேண்டுமானாலும் பெரிய கல்லூரிகள் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தது. 1973இல் 105 என்றும், 1978இல் 95 என்றும், 1990களில் 85 என்றும் வரம்பு சுருங்கியது. சுருங்கிய வரம்புக்குள், களத்திலேயே முடிவான பட்டங்களை வென்றவர் என்பதே சேபன் தரப்பின் வலுவான வாதம். விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என். கல்லூரிக் கால்பந்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்ட பட்டியலில் பிரையன்ட் முதலிடம், சேபன் இரண்டாமிடம். அதன் பிறகு ஏழாவது பட்டத்தையும் வென்றுவிட்டு 2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றார்.

கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. பத்துப் பருவங்கள், நூறு ஆட்டங்கள், 60 விழுக்காடு வெற்றி ஆகியவை நெடுங்காலம் குறைந்தபட்சத் தகுதியாக இருந்தன. நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்போர்ன் இதை எளிதில் தாண்டியவர். 1984 ஜனவரியில் மயாமிக்கு எதிராகச் சமன் செய்தால் பட்டம் ஏறக்குறைய உறுதி என்ற நிலையில், வெற்றிக்காக இரண்டு புள்ளி முயற்சியில் இறங்கி 31-30 எனத் தோற்றார். அந்த முடிவுக்காகவே பலர் அவரை மேலே வைக்கிறார்கள். அன்று வென்ற ஹோவர்ட் ஷ்னெல்லென்பர்கருக்கு, பல கல்லூரிகளை அடியிலிருந்து தூக்கி நிறுத்தப் பட்ட தோல்விகளால், விழுக்காடு 51ஐ ஒட்டியே நின்றுவிட்டது. வீச்சாட்டத்தைப் புரட்டிப்போட்ட மைக் லீச் 59.6இல் சிக்கினார். லீச் 2022 டிசம்பரில் இறந்த பின் எழுந்த குரல்களைக் கேட்டு, 2025இல் வரம்பு 59.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2027ஆம் ஆண்டுத் தேர்வு முதல் அது நடைமுறைக்கு வருகிறது. லீச்சுக்கு வழி திறந்துவிட்டது. அவரைப் போலவே 158 ஆட்டங்கள் வென்ற ஷ்னெல்லென்பர்கருக்கு இன்னும் திறக்கவில்லை.