சவுத் பெண்டிலிருந்து வீட்டுப் பட்டறை வரை: ஒரு லேத்தின் பயணம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வட எல்லையை ஒட்டி இருக்கிறது சவுத் பெண்ட். ஸ்டூடிபேக்கர் கார்களும் ஆலிவர் கலப்பைகளும் பிறந்த ஊர். அங்கே 1906இல் ஜான் ஓ’பிரையன், மைல்ஸ் ஓ’பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் லேத் செய்யும் ஆலையைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயரே கம்பெனிப் பெயராயிற்று. இன்றும் அந்நாட்டில் சொந்தத் துப்பாக்கிகளை வீட்டிலேயே சீர்செய்ய விரும்புகிறவர் பழைய லேத் தேடிக் கிளம்பினால், பலரும் அவருக்குச் சொல்லும் பெயர் சவுத் பெண்ட். அதிலும் குறிப்பாக ‘ஹெவி டென்’ எனப்படும் பத்து அங்குல வகை.

இந்த லேத்துக்கு உயிர்நாடி அதன் அடித்தளமான பெட். வார்ப்பிரும்பில் வார்த்து, கடைந்து, அதன் மேல் மூன்று ‘வி’ வடிவத் தடங்களையும் ஒரு தட்டைத் தடத்தையும் அமைப்பார்கள். வெளியே உள்ள இரண்டு ‘வி’ தடங்களில், வெட்டுளியைச் சுமக்கும் கேரேஜ் ஓடும். உள்ளே உள்ள ‘வி’யிலும் தட்டையிலும், வேலைத்துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நகரும். இரண்டுக்கும் பாதை தனித்தனி என்பதால் ஒன்றன் தேய்மானம் மற்றொன்றைக் கெடுப்பதில்லை. தடங்களின் கடைசி நேர்த்தியைக் கைச்சுரண்டியால்தான் கொண்டுவந்தார்கள். பல பழைய பெட்களில் டெயில்ஸ்டாக் முனையில் அந்தச் சுரண்டல் தடங்களை இன்றும் காணலாம். வரிசை எண்ணைப் பொறித்திருப்பதும் அந்த முனையில்தான். கம்பெனியின் பழைய பதிவட்டைகள் அழியாமல் இருப்பதால், அந்த எண்ணை வைத்து லேத்தின் பிறப்பைக் கண்டறிய முடிகிறது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் லேத் ஆயுதத்துக்கு நிகரானது. யாருக்கு எந்திரம் முதலில் போகவேண்டும் என்பதை அரசின் போர் உற்பத்தி வாரியம் முடிவு செய்தது. அக்காலத்து லேத்கள் சிலவற்றில் அந்த வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டதென்று அறிவிக்கும் சிறு தகடு இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலைகளுக்கும் ராணுவப் பட்டறைகளுக்கும் போன லேத்கள் ஓய்வறியாமல் ஓடின.

போர் முடிந்ததும் இரண்டு பொருள்கள் ஒருசேர மலிந்தன: உபரியான எந்திரங்கள், உபரியான ராணுவ ரைபிள்கள். மவுசரையும் ஸ்பிரிங்ஃபீல்டையும் குறைந்த விலைக்கு வாங்கி, குழலை மாற்றி, கட்டையைச் செதுக்கி, வேட்டைத் துப்பாக்கியாக்கும் பழக்கம் பரவியது. படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்ற 1944ஆம் ஆண்டுச் சட்டம், பலரைத் தொழிற்கல்விக்கு அனுப்பியது. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் வகுப்பு வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். புதுப் புதுத் தோட்டா வகைகளை உருவாக்கிப் பேர்பெற்ற பார்க்கர் ஆக்லி அங்கே கற்பித்தார். உயர்நிலைப் பள்ளிகளின் பட்டறைகளிலும் சவுத் பெண்ட் லேத்கள் வரிசையாக நின்றன. ‘ஹவ் டு ரன் எ லேத்’ என்று அந்தக் கம்பெனியே வெளியிட்ட கையேட்டை வைத்துத்தான் பல தலைமுறை மாணவர்கள் கடைசலைக் கற்றார்கள்.

லேத்தின் வாழ்க்கை இந்த இடத்தில் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஆலையில் உழைத்த லேத்தில் ஒரே வேலை ஆயிரக்கணக்கில் நடந்திருக்கும். அதனால் வேலைத்துண்டைப் பிடிக்கும் ‘சக்’கை ஒட்டிய பகுதியில் பெட் சீராகத் தேய்ந்திருக்கும். பள்ளியில் இருந்த லேத் ஓடிய நேரம் குறைவு, வாங்கிய அடிகள் அதிகம். கேரேஜைச் சக்கில் மோதவிட்ட மாணவர்களின் கைவண்ணம் காம்பவுண்ட் ரெஸ்ட்டில் வடுக்களாகத் தெரியும். இறுகிப்போன சக்கைக் கழற்ற பேக் கியரைப் பூட்டிவிட்டு வலுவாகத் திருகியதில் பல் உடைந்திருக்கும். பழைய லேத் வாங்குகிறவர் உறையைத் திறந்து, பேக் கியரின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவது இதனால்தான்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கின் அருகே கேரேஜின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ‘ஜிப்’ பட்டையை ஆட்டமில்லாதபடி இறுக்கி, அதை மெல்ல டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளவேண்டும். போகப்போக அது பிடித்துக்கொண்டால், சக்கருகே பெட் தேய்ந்துவிட்டது என்று பொருள். நீளமான உருளையை ஒரே விட்டத்தில் கடையவேண்டியவருக்கு இது பெரிய குறை. துப்பாக்கி வேலைக்காரரின் கணக்கு வேறு. ரைபிள் குழலின் முனையில் அவர் போடும் மரை பெரும்பாலும் ஓரங்குலத்தை ஒட்டிய நீளம்தான். அந்தச் சிறு தூரத்தில் பெட்டின் தேய்மானம் வேலையைத் தொடாது. குழலின் வெளிப்புறத்தை நீளவாட்டில் கூராகக் கடைவதாக இருந்தால் மட்டுமே அது பெரிதாகும்.

அவர் விட்டுக்கொடுக்கக்கூடாதது, சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில். குழலை ஸ்பிண்டிலின் துளைக்குள் நுழைத்துப் பிடித்தால்தான், வேலை நடக்கும் முனை சக்கருகே அசையாமல் நிற்கும். கடையாத ரைபிள் குழலின் தடித்த முனை ஏறத்தாழ 1.25 அங்குல விட்டம். ஹெவி டென்னின் ஸ்பிண்டில் துளை 1.375 அங்குலம், குழல் தாராளமாக நுழையும். அதே கம்பெனியின் ஒன்பது அங்குல லேத்தில் துளை முக்கால் அங்குலம்தான். அதில் குழலை இரண்டு சென்டர்களுக்கு நடுவே ஏற்றி, ஸ்டெடி ரெஸ்ட் கொடுத்துத்தான் கடையவேண்டும். முடியும், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும். குழலின் மறுமுனை ஸ்பிண்டிலின் பின்பக்கம் எட்டினால், அங்கே நான்கு திருகுகளால் அதைத் தாங்கி மையப்படுத்தலாம்.

பேரிங்கைச் சோதிக்க, டயல் கேஜைப் பொருத்திவிட்டு ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைச் செருகி மேல்நோக்கி நெம்பவேண்டும். முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் ஆட்டம். இந்த லேத்களின் ஸ்பிண்டிலுக்கு ஃபெல்ட் திரிகள் வழியே எண்ணெய் ஏறுகிறது. வருடக்கணக்கில் மூலையில் கிடந்த எந்திரத்தில் திரி காய்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால், போரைத் தாண்டிவந்த ஸ்பிண்டில் வாங்கியவர் வீட்டில் சீரழியும். சக் மரையில் ஏறும் வகையாக இருந்தால் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: தலைகீழாகச் சுழலவிட்டால் சக் கழன்றுவிடக்கூடும்.

பள்ளிப் பட்டறைகள் மூடப்பட்டபோதும் ஆலைகள் கணினிக் கட்டுப்பாட்டு எந்திரங்களுக்கு மாறியபோதும் இந்த லேத்கள் ஏலத்துக்கு வந்தன. ஹெவி டென் ஏறத்தாழ அரை டன் எடை, அதுவும் பெரும்பகுதி ஹெட்ஸ்டாக் பக்கம். அதை அறியாமல் தூக்கினால் கவிழும். பல லேத்களில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும், வீட்டில் இருப்பதோ ஒற்றை ஃபேஸ். இன்று விஎஃப்டி எனப்படும் மின் அதிர்வெண் மாற்றி ஒன்றைப் பொருத்தினால் அந்தச் சிக்கல் தீர்கிறது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. சொந்தத் துப்பாக்கியைச் சீர்செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. பிறருடையதைத் தொழிலாக எடுத்துச் செய்தால் கேட்கும்.

கம்பெனியும் பல கைகள் மாறியது. கடைசியில் கிரிஸ்லி எந்திரக் கம்பெனியின் ஷிராஸ் பலோலியா அந்தப் பெயரை வாங்கினார். அவரே நெடுந்தூர ரைபிள் போட்டிகளில் புகழ்பெற்ற வீரர். பழைய சவுத் பெண்ட் எவ்வளவோ இடங்களுக்குப் போயிருக்கிறது என்பதால், பழைய எந்திரங்களும் உதிரிப் பாகங்களும் இன்னும் சந்தையில் புழங்குகின்றன. எனவே வாங்கப்போகிறவர் பளபளக்கும் புதுப் பெயின்ட்டைக் கண்டு மயங்கவேண்டாம். விற்கிறவரிடம் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, கண்ணெதிரே கடையச் சொல்லவேண்டும். ஸ்பிண்டில் ஆட்டமில்லாமல் சுழன்று, குழல் துளைக்குள் நுழையுமானால், தேய்ந்த பெட்டோடும் துணிந்து வாங்கலாம். துளை சிறியதாகவோ ஸ்பிண்டில் ஆடுவதாகவோ இருந்தால், பெட் கண்ணாடிபோல் இருந்தாலும் அந்த லேத் வேறு வேலைக்காரருக்கு உரியது.