நாழிகை வட்டில் முதல் தானியங்கி விளக்கு வரை

திருவிடைமருதூரில் பிறந்து வளர்ந்தவன் நான். மகாலிங்கசுவாமி கோயிலில் உச்சிக்கால மணி ஒலித்தால், வயலில் நிற்பவரும் வீட்டில் இருப்பவரும் நண்பகல் ஆயிற்று என்று அறிவர். அம்மணியை ஒருவர் பொழுது பார்த்து அடித்தார். இன்றோ பல கோயில்களில் மேளமும் மணியும் மின்விசையால் ஒலிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் போதும். அதை அழுத்தவும் ஆள் வேண்டாதபடி செய்ய வழி உண்டு. “உரிய நேரம் வரும்வரை காத்திரு, வந்ததும் செயற்படு” என்று மனிதன் கருவிக்குக் கற்பித்த வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முன்னாளில் பொழுதை அளந்தது நீர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீர் நிறைந்த கலத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை கழிந்தது என்பது கணக்கு. பாசறையில் நீர்க்கலம் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைத்தவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. வட்டில் அளந்தது, செயற்பட்டவன் மனிதனே. அவன் கண்ணயர்ந்தால் கணக்கும் தவறும்.

அளக்கும் நீரையே வேலையும் செய்ய வைத்தால் என்ன? மேற்கு ஆசியாவில் வாழ்ந்த அல்-ஜசாரி, 1206-இல் முடித்த தம் நூலில் இதற்கு விடை தந்தார். நீர் இறங்க இறங்க மிதவையும் இறங்கும், அது கயிற்றை இழுக்கும், உரிய வேளையில் கதவுகள் திறக்கும், பொம்மைகள் முரசறையும்.

அறையைக் கருவியே கவனிக்கும் முயற்சிக்கு ஒரு பள்ளி வித்திட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்னும் ஆசிரியர் இருந்தார். வகுப்பறையின் வெப்பத்தைப் பார்க்கப் பணியாள் அடிக்கடி உள்ளே வருவதால் பாடம் தடைப்பட்டது. வெப்பநிலை மாறினால் கீழே உலை அறையில் மணி அடிக்கும் மின் கருவியை ஜான்சன் அமைத்து, 1883-இல் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய கருவியுடன் கடிகாரமும் இணைந்தது. இரவில் வெப்பத்தைத் தணித்து, விடியுமுன் மீண்டும் உயர்த்தும் பணி கருவியின் கைக்கு வந்தது.

1972-இல் 555 என்னும் எண் பெயர் கொண்ட சிறு மின்னணுச் சில்லு விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட். அதனோடு இணைந்த மின்தேக்கியில் மின்னூட்டம் மெல்ல நிறையும்; மின்தடை அவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஒரு மெகா ஓம் தடையும் 100 மைக்ரோஃபாரட் தேக்கியும் சேர்ந்தால் ஏறத்தாழ 110 நொடி கிடைக்கும். உற்று நோக்கினால், தேக்கியே வட்டில். தடையே அதன் சிறு துளை! மூதாதையரின் கருத்து மின்சார உருவில் மீண்டும் பிறந்தது என்றே சொல்லலாம். இக்காலக் கருவிகள் பலவற்றில் குவார்ட்சுப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர, சில்லு அவ்வதிர்வுகளை எண்ணுகிறது. எத்தனை எண்ணியபின் என்ன செய்வது என்பதை நாம் எழுதும் நிரல் கூறும்.

காத்திருப்பு இருவகை. நின்றுபோன குளிர்சாதனம் உடனே மீண்டும் இயங்கினால், குழாய்களில் அழுத்தம் சமமாகாமையால் மோட்டார் திணறும். ஆகவே ஏறத்தாழ மூன்று நிமிடம் பொறுத்தே தொடங்குகிறது. இது தொடங்குமுன் பொறுத்தல். அறையில் ஆள் நடமாட்டம் அடங்கிய உடனே விளக்கு அணையாது. குறித்த நேரம் எரிந்தபின்னரே அணையும். இடையில் ஒருவர் அசைந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இது நிறுத்துமுன் பொறுத்தல்.

ஒரு நூலகத்தில் நான் கண்டது நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவி அசையாமல் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென விளக்கு அணைந்தது. அவள் கையை உயர்த்தி அசைத்தாள், ஒளி வந்தது. சற்று நேரத்தில் மீண்டும் இருள். மும்முறை இவ்வாறு நேரவே, அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். கருவியிடம் பழுதில்லை, இட்ட கட்டளைப்படியே அது நடந்தது. ஆழ்ந்து படிப்பவர் அசையமாட்டார் என்பதை எண்ணாமல் நேரத்தைக் குறுக்கி வைத்தவரே பிழை செய்தார்.

வட்டிலின் துளையை ஊசி முனையளவு பெரிதாக்கினால் நாழிகையே பொய்யாகும். அத்துளையைத் துளைத்தவன் பொறுப்புணர்ந்து துளைத்தான். நாளை நிரல் எழுதப்போகும் நீங்கள், காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறிக்குமுன், அந்த அறையில் யார் இருப்பார், என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.