அரைப்புள்ளியில் அறுந்த சொற்கள்: வன்னியில் ஆவணம் தேடிய வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பற்றிக் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் எழுந்த நூல்களுள் இன்றும் அதிகமாக எடுத்தாளப்படுவது, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆட்சிச்சேவை அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு ஆகும். அத்தகைய கையேட்டை ஆக்குவதற்கு வேண்டிய செய்திகள் கச்சேரி எனப்பட்ட அரசாங்க அதிபர் அலுவலகங்களில் நாட்குறிப்புகளாகவும் கடிதங்களாகவும் குவிந்து கிடந்தன. அங்கே ஒரு கடிதம் வந்ததும் பதிவேட்டில் அதற்கு எண் இடப்பட்டு, அந்த எண்ணுக்குரிய கோவையில் அது சேர்க்கப்பட்டது. ஆகவே தேடுதல் என்பது பதிவேட்டைப் புரட்டி எண்ணைக் கண்டு, அந்த எண்ணைக் கொண்டு அலுமாரித் தட்டை அடைவதாக இருந்தது. பதிவேடு கைகொடுக்காத இடத்தில் லிகிதர் என்று அழைக்கப்பட்ட எழுதுவினைஞரின் நினைவே துணை நின்றது; அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அலுவலகத்தின் நினைவில் ஒரு பகுதியும் அவரோடு போயிற்று.

இந்த முறை வன்னி மக்களின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னராகும். அச்சட்டத்தின்கீழ் அரச காணியில் குடியேறியவர் உறுதி பெறவில்லை, அனுமதிப்பத்திரமே பெற்றார். அதன் மறுபக்கச் சான்று அலுவலகப் பேரேட்டில் இருந்தது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி உருவான குடியேற்றங்களில் வாழ்ந்த ஒருவர் தம் காணிக்கு உரிமை கோருவதற்கு, வீட்டுப் பெட்டியிலிருந்த தாளும் அலுவலகத்திலிருந்த பேரேட்டு வரியும் ஒன்றையொன்று தாங்க வேண்டியிருந்தது. கிளிநொச்சி நகரம் 1996இலும் 1998இலும் 2009 ஜனவரியிலும் கைமாறியபோது, மக்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் இவ்விரண்டும் இழப்புக்கு ஆளாயின. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் போருக்குப் பிந்திய அரச காணிச் சிக்கல்களைத் தீர்ப்பதற்கென 2013இல் தனியொரு சுற்றறிக்கை வெளியிட வேண்டி வந்தமைக்கு இந்த ஆவண இழப்பும் ஒரு காரணம்.

கணினி வன்னிக்குள் பரவலாக நுழைவதற்கு 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தமும் ஏ9 வீதியின் திறப்பும் வழிவிட்டன. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் கூடத் தடை இருந்த நீண்ட ஆண்டுகளின் பின்னர், மின்பிறப்பாக்கியால் இயங்கும் கணினிகள் அலுவலகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் இடம்பெறத் தொடங்கின. தமிழில் தட்டச்சு அறிந்தவர்களுக்கு அவற்றில் பழகுவது கடினமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் மரபில் வந்த விசையமைப்பையே, இலங்கை முழுவதும் வழக்குப் பெற்றிருந்த பாமினி எழுத்துருவும் பெரிதும் தழுவியிருந்தது. கையின் பழக்கம் மாறாமலே பொறி மாறியது. ஆனால் பொறி எதைச் சேமித்தது என்பதில்தான் பிற்காலத் தேடலின் தொல்லைகள் எல்லாம் கருக்கொண்டன.

எழுத்துரு என்பது எழுத்துகளின் வடிவத் தொகுதி. குறிமுறை என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி தரும் எண். பாமினிக்கெனத் தனிக் குறிமுறை கிடையாது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவதே அதன் உத்தி. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கும். அந்த அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி. கிளிநொச்சியின் ‘நொ’ கொம்பு, நகரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்படும். தாளில் அச்சிடுவதற்கு இவ்வளவு போதுமானது. அக்காலத்தில் கணினியிடம் வேறெதையும் பெரும்பாலோர் எதிர்பார்க்கவுமில்லை என்பதால், இதைத் தவறு என்று சொல்வதைவிட அச்சுக்கென்று பிறந்த தீர்வு என்று சொல்வதே நியாயமாகும்.

தனிக்கணினியில் கோப்புகளைத் தேடித்தரும் மென்பொருள்களின் போட்டி மேலைநாடுகளில் மூண்டது 2004இல் ஆகும். கோப்பர்னிக் நிறுவனத்தின் கருவி அவ்வாண்டிலும், கூகுள் டெஸ்க்டாப் அக்டோபரிலும், மைக்ரோசாஃப்டின் முன்னோட்டப் பதிப்பு டிசம்பரிலும் வெளிவர, ஆப்பிள் 2005 ஏப்ரலில் ஸ்பாட்லைட் என்னும் கருவியைத் தன் இயங்குதளத்தோடு இணைத்தது. இவற்றுக்கு முன்னர் விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு நாய்ப் படம் வாலாட்டிக்கொண்டிருக்க, கணினி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துத் தேடியது. புதிய கருவிகள் அவ்வாறு செய்யவில்லை. கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் முன்கூட்டியே படித்து, பதிப்பாசிரியர்கள் பழைய இலக்கியங்களுக்குத் தயாரிக்கும் சொல்லடைவைப் போன்ற ஒன்றை ஆக்கி வைத்துக்கொண்டன. தேடும்போது கோப்பை அன்றி அடைவையே புரட்டியதால் விடை நொடியில் வந்தது. எந்தக் கருவி விரைவானது, எது மின்னஞ்சலுக்குள்ளும் நுழைகிறது, எது வட்டில் குறைவான இடம் பிடிக்கிறது என்பவையே அங்கே ஒப்பீட்டின் அளவுகோல்கள்.

வன்னியில் அந்த அளவுகோல்கள் பொருந்தவில்லை. மின்பிறப்பாக்கி ஓடும் மணித்தியாலங்களில் மட்டும் உயிர்பெறும் கணினிக்கு, அடைவு தயாரிப்பதற்குரிய ஓய்வுநேரம் எங்கிருந்து வரும்? அதைவிடப் பெரிய தடை பாமினியிடம் இருந்தது. அடைவு ஆக்கும் கருவி, எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதை இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் கொண்டே முடிவு செய்கிறது. பாமினியிலோ ஒவ்வொரு மெய்யெழுத்தும் அரைப்புள்ளியில் முடிகிறது. ஆகவே புள்ளி வரும் இடமெல்லாம் சொல் அறுந்து, ‘வன்னி’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லும் இரண்டு துண்டுகளாகவே அடைவில் ஏறும். இகர உயிரெழுத்துக்குக் காற்புள்ளியின் இடம் கொடுக்கப்பட்டிருந்ததால், ‘இலங்கை’யும் ‘இரணைமடு’வும் தம் முதலெழுத்தையே இழந்தன. இவற்றினும் நுட்பமான சிக்கல் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளின் வேறுபாட்டில் இருந்தது. பாமினியில் ‘எஃப்’ என்னும் எழுத்தின் சிறிய வடிவம் ககரத்தையும் பெரிய வடிவம் ‘கு’வையும் தரும், தேடற்கருவிகளோ பொதுவாக இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ளும். ஆங்கிலத்துக்கு நன்மையான அந்த வழக்கத்தால் ‘குளம்’ என்பதும் ‘களம்’ என்பதும் கணினிக்கு ஒரே சொல்லாயின. ஊர்ப் பெயர்களில் பாதி குளத்தில் முடிவது போன்று தோன்றும் ஒரு நிலத்தில், நெற்களமும் போர்க்களமும் ஆவணங்களில் இடம்பெறும் ஒரு நிலத்தில், இதைச் சிறு குறையென்று தள்ளிவிட இயலாது.

இந்த நிலையில் ஒப்பிட்டால், மேலைநாட்டுத் தரவரிசை தலைகீழாகிறது. சொல்லின் எல்லையையும் எழுத்தின் வடிவையும் பற்றித் தாமாக முடிவெடுக்கும் கூகுள், மைக்ரோசாஃப்ட் கருவிகளே பாமினிக் கோப்புகளில் அதிகம் இடறின. அடைவு எதுவும் இன்றி, கொடுத்த குறிகளை அப்படியே கோப்புக்குள் தேடும் ஏஜென்ட் ரான்சாக் போன்ற கருவிகள் மெதுவானவை. ஆயினும் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்துமாறு பணிக்கலாம் என்பதால் குளத்தையும் களத்தையும் பிரித்தறிந்தன. இருந்தும் அவற்றைப் பயன்படுத்துபவர் தமிழ்ச் சொல்லை ஆங்கிலக் குறிகளின் கோவையாக மாற்றித் தரவேண்டியிருந்தது. தட்டச்சுப் பழகிய விரல்களுக்கு அது எளிது: எழுத்துரு இல்லாத பெட்டியிலும் அதே விசைகளை அழுத்தினால் போதும், திரையில் தெரிவது பொருளற்ற ஆங்கிலமாக இருக்கும், அவ்வளவே.

பலர் தேர்ந்தது இதைவிட எளிய வழி; அது உள்ளடக்கத்தை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரை நம்புவது. பெயர்ப் பெட்டியில் பாமினி வடிவம் தோன்றாது; மேலும் ஈகாரத்துக்குப் பாமினி ஒதுக்கியிருந்த கோணக்குறியைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை என்பதால், ‘ஈழம்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்து பெயராக இடுவதே இயலாதிருந்தது. இதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயரிடுவது இலங்கைத் தமிழரிடையே பரவலான வழக்கமாயிற்று. 2008இல் வெளிவந்த எவ்ரிதிங் என்னும் சிறிய கருவி, விண்டோஸ் வட்டின் கோப்புப் பட்டியலை நேரே படித்துப் பெயர்களை மட்டும் கணப்பொழுதில் தேடித்தந்ததால், இத்தகைய வழக்கத்துக்கு மற்றெல்லாவற்றையும்விடப் பொருந்தியது. ஆனால் முல்லைத்தீவு என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’ ஒன்றா இரண்டா, ‘எச்’ உண்டா இல்லையா என்பதில் லூயிஸ் காலத்திலிருந்தே ஒருமைப்பாடு இல்லை. எண்ணிட்ட பதிவேட்டின் ஒழுங்கு இதில் இல்லை. கோப்புக்குப் பெயரிட்டவரின் நினைவே மறுபடியும் பதிவேடாயிற்று.

கருவிகளின் இந்த முதல் தலைமுறை வன்னியில் நன்கு வேரூன்றவும் காலம் இடங்கொடுக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மேயில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களுக்குள் இருந்தனர். கூகுள் தன் கருவியை 2011 செப்டெம்பரில் கைவிட்டது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் அதற்கு ஓராண்டு கழித்து, 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தது. இலங்கை அதனை அடிப்படையாகக் கொண்டு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரநிர்ணயத்தை 2008இல் வகுத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகமும் தன் பட்டியல்களை ஒருங்குறியிலேயே அமைத்தது. அறுந்த சொற்கள் இதனால் ஒட்டின. குளமும் களமும் பிரிந்தன. ஆயினும் தமிழின் இயல்பு வேறொரு திரையை இட்டது. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தின்’ அகப்படாது, ‘மாவட்டம்’ என்றால் ‘மாவட்டத்தில்’ அகப்படாது; சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு தேடும் கருவியில் ‘குள’ என்று நிறுத்தத் தெரிந்தவருக்கே விடை கிடைக்கும். பாமினியிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் ‘நொ’ சிலவேளை ஒரே குறியீடாகவும் சிலவேளை கொம்பும் காலுமாகப் பிரிந்தும் நிற்பதால், பார்வைக்கு ஒன்றான இரண்டு ‘கிளிநொச்சி’களைச் சில கருவிகள் வெவ்வேறு ஊர்களாக எண்ணுகின்றன.

வருடிப் படமாக்கிய பேரேட்டுப் பக்கங்களுக்குள் இக்கருவிகளுள் எதுவும் தானாக நுழைவதில்லை. கையெழுத்தில் அமைந்த பழைய அனுமதிப்பத்திர வரி கணினிக்கு வெறும் படம். அதன் கோப்புப் பெயரில் யாரோ ஒருவர் இட்ட எண்ணே அதற்கு வழி.