கிளிஞ்சல் மாலை கூறும் வரலாறு

1876-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், டாஸ்மேனியத் தீவின் தலைநகராகிய ஹோபர்ட்டில் துருகனினி என்னும் மூதாட்டி காலமானார். அவரோடு அத்தீவின் ஆதிகுடிகள் பூண்டோடு அற்றுப்போயினர் என்று அக்கால வெள்ளையர் எழுதி வைத்தனர். பள்ளி நூல்களும் நெடுங்காலம் அதனையே ஒப்பித்தன. அக்கூற்று பொய். அதனை மறுக்கும் சான்றுகளுள் ஒன்று, கடலோரத்தில் பொறுக்கிய கிளிஞ்சல்களால் ஆன கழுத்துமாலை.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தெற்கே உள்ள அத்தீவில் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்தனர். 1803-இல் ஆங்கிலேயர் குடியேறினர். துப்பாக்கியும் நோயும் தம் வேலையைச் செய்தன. எஞ்சியோருள் ஏறத்தாழ 200 பேர் 1830-களில் பிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1847-இல் அம்முகாம் மூடப்பட்டபோது மீண்டவர் 47 பேரே. இஃது ஏட்டிலுள்ள கணக்கு. ஆயின் அதற்கு முன்பே, கடல்நாய் வேட்டைக்கு வந்த வெள்ளையர் ஆதிகுடிப் பெண்கள் பலரைக் கவர்ந்து சென்று பாஸ் நீரிணையின் சிறு தீவுகளில் வைத்திருந்தனர். அப்பெண்களின் வயிற்றில் பிறந்தோரை ஏடு எண்ணவில்லை. எண்ணாதவர் இல்லாதவர் ஆகிவிடுவரோ?

அத்தீவுகளில் தாய்மார் தம் மகளிர்க்கு விட்டுச் சென்ற செல்வம் மாலை கோக்கும் கலையே. அரிசி, கறுப்புக் காகம், பென்குவின் என்றெல்லாம் அவர்கள் பெயரிட்டு அழைக்கும் சிறு கிளிஞ்சல்களை ஓதம் ஒதுக்கிய வரிகளில் குனிந்து பொறுக்குவர். எந்தக் கரையில் எது கிடைக்கும் என்பது குடும்பத்தின் இரகசியம். யாவற்றினும் உயர்ந்தது மைரீனர். அது கரையில் தானாகக் கிடைப்பதன்று. ஓதம் மிகவும் வடிந்த வேளையில் நீரில் இறங்கிக் கடற்பாசியிலிருந்து உயிருடன் எடுத்தல் வேண்டும். உள்ளிருக்கும் சதை அழுகிக் கழியும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பர். மேற்புறத்து மங்கிய தோலை நீக்கினால்தான் பச்சையும் நீலமுமாக மின்னும் முத்தொளி வெளிப்படும். முன்னோர் இதற்கு நெருப்புப் புகையைப் பயன்படுத்தினர். பின்வந்தோர் புளிக்காடியைக் கையாண்டனர். கூரிய பல்லாலோ எலும்பாலோ துளையிட்டுக் கங்காருவின் வால்நரம்பில் கோத்தது பழைய முறை. ஊசியும் நூலும் பின்னர் வந்தன. ஒரு நீண்ட மாலைக்கு நூற்றுக்கணக்கான கிளிஞ்சல்கள் வேண்டும். ஒத்த அளவினவாகத் தேர்ந்து கோத்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

1866-இல் எடுக்கப்பட்ட துருகனினியின் நிழற்படத்தில் அவர் கழுத்தை அணிசெய்வது இந்த மைரீனர் மாலையே. அவ்வழகைக் கண்ட ஹோபர்ட் வணிகர், அதே கிளிஞ்சல்களை ஏராளமாக வாரியெடுத்து மாலை செய்து பயணிகளுக்கு விற்றனர். ஹவாய்த் தீவுகளுக்கும் ஏற்றுமதி செய்தனர். மக்கள் அழிந்தனர் என்று எழுதிய ஊரே அவர்தம் அணிகலனைச் சரக்காக்கிற்று என்பது கசப்பான செய்தி.

மாண்ட பின்னும் துருகனினிக்கு அமைதி இல்லை. அவர் எலும்புக்கூடு 1904 முதல் 1947 வரை ஹோபர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நின்றது. 1976-இல்தான் அது எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் கரைக்கப்பெற்றது. அவருடையதெனக் கருதப்பெறும் மாலையும் கைவளையும் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் அருங்காட்சியகத்திலிருந்து 1997-இல் தாயகம் திரும்பின. அவற்றைப் பெற்றுக்கொண்டவர்கள், ஏடுகள் இல்லையென்று சொன்ன அதே மக்கள்! அவர்கள் பலர் வாழ்ந்த கேப் பேரன் தீவு 2005-இல் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

அத்தீவில் 1946-இல் பிறந்த லோலா கிரீனோ, தம் அன்னையிடம் கற்ற கலையைக் கண்காட்சிகள் வழியே உலகறியச் செய்தார். இன்று அவர்களை வருத்துவது வேறொரு கவலை. கடல்நீர் வெப்பமுற்று, டாஸ்மேனியக் கரையோரத்துப் பெரும்பாசிக் காடுகள் வெகுவாக அழிந்துவிட்டன. பாசி குன்றவே மைரீனரும் அரிதாகி வருகிறது. கோப்பதற்குக் கைகள் உள்ளன. ஓதம் வடியும் நாள்பார்த்து மூதாட்டியர் தம் பேத்தியரோடு இன்னமும் நீரில் இறங்குகின்றனர். முன்னர் ஒரே நாளில் கிடைத்ததைச் சேர்க்கப் பலமுறை செல்ல வேண்டியிருக்கிறது.