கைவிட்ட நிலமும் காத்த நீரும்

திருக்கோயிலையும் தீர்த்தத்தையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழர்க்கு இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்க் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஊர்ச் சபையில் 'ஏரி வாரியம்' என்றொரு குழு தனியே இயங்கியதையும், அதற்கு ஆறு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அக்கல்வெட்டுகளே தெரிவிக்கின்றன. நீரைக் காப்பதை ஊரின் பொதுக் கடமையாகவே நம் முன்னோர் கருதினர்.

கடல் கடந்து ஜொகூருக்கு வந்த தமிழர் இங்கு ஏரிகளைக் காணவில்லை, ஆறுகளையே கண்டனர். அவ்வாறுகளின் வரலாற்றை அறிந்துகொள்வது, இன்று அவற்றின் கரைகளில் வாழும் நமக்கு இன்றியமையாததாகும்.

ஜொகூரின் உட்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெரும்பாலும் அடர்ந்த காடாகவே இருந்தது. 1844 ஆம் ஆண்டு முதல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம், ஒவ்வோர் ஆற்றையும் அதன் கரை நிலங்களையும் சீனப் பயிரிடுவோர்க்கு உரிமைச் சீட்டின் வழி வழங்கத் தொடங்கினார். அச்சீட்டு 'சூராட் சுங்கை' எனப்பட்டது. ஆற்றுக்குத் தலைவராயிருந்தவர் 'காங்சூ' எனவும், ஆற்றுத் துறையில் அமைந்த குடியிருப்பு 'காங்கார்' எனவும் அழைக்கப்பட்டன. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் ஆகிய பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களே. சிங்கப்பூரின் சுவா சூ காங் என்னும் பெயரும் அவ்வழி வந்ததேயாகும்.

அவர்கள் பயிரிட்டவை மிளகும் காம்பிரும் ஆகும். காம்பிர் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு, வெற்றிலை போடுவோர் அறிந்த காசுக்கட்டியாகவும், தோல் பதனிடும் சரக்காகவும் பயன்பட்டது. இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றியிருந்த காடுகள் அழிந்தன. சுமார் பதினைந்து ஆண்டுகளில் மண் வளமிழந்துவிடும். பயிரிட்டவர் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்து செல்வர். பின்னால் எஞ்சியது லாலான் புல்லே. காடிழந்த மேட்டில் விழும் மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடி, கீழேயுள்ள ஆற்றைக் கலக்கும்.

இக்கதை சிங்கப்பூரில் முன்னரே நிகழ்ந்த ஒன்றாகும். அங்கு மண் சலித்த பின்னரே பயிரிடுவோர் பலர் ஜொகூருக்கு வந்தனர். ஆயினும் அவர்கள் கைவிட்ட நிலத்தின் ஒரு பகுதி அங்கு வேறு பயனைப் பெற்றது. தாம்சன் சாலையருகே 1868 இல் ஒரு நீர்த்தேக்கம் அமைந்தது. அதுவே பிற்காலத்தில் மெக்ரிச்சி எனப் பெயர் பெற்றது. பின்னர் 1910 இல் காலாங் ஆற்றிலும், 1920 இல் சிலேத்தாரிலும் நீர் தேக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்த நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காக்கப்படவே, பழைய காம்பிர்த் தோட்டங்களில் மரங்கள் மீண்டும் தழைத்தன. மனிதன் பயனற்றதென விட்ட நிலம் நீரைக் காக்கும் நிலமாயிற்று.

ஜொகூரில் காங்சூ முறை 1917 இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, லாலான் மண்டிய நிலங்கள் பல இரப்பர்த் தோட்டங்களாக மாறியிருந்தன. அங்கு பால்மரம் வெட்ட வந்த தமிழர், மாரியம்மனுக்கும் முனீசுவரருக்கும் சிறு கோயில்கள் எழுப்பி வழிபட்டனர். இன்றைய திருக்கோயில்கள் பலவற்றின் தொடக்கம் அத்தோட்டங்களே.

சிங்கப்பூரின் தேக்கங்கள் போதாமற்போகவே, 1927 இல் ஜொகூர் சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அந்நகராட்சி குனோங் பூலாய் மலைப்பகுதியில் நீர் எடுக்கும் உரிமை பெற்றது. அந்நீர் கடற்பாலத்தின் வழிக் குழாயில் சென்றது. 1942 ஜனவரி 31 ஆம் நாள் பின்வாங்கிய படையினர் அப்பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் துண்டிக்கப்பட்டது. போர்க்காலத்தில் நீரின் அருமையை அந்நகரம் அறிந்தது. குனோங் பூலாய் நீர்நிலையம் 2011 இல் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நீரைத் தேக்குவது குடிப்பதற்கு மட்டுமன்று, ஆற்றைக் காப்பதற்குமாகும் என்பதை ஜொகூர் ஆறே காட்டுகிறது. 1990 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அதன் மேற்பகுதியில் லிங்கியூ அணை கட்டப்பட்டது. மழை குறையும்போது ஆற்றின் ஓட்டம் தளர்ந்து, கடலின் உப்புநீர் மேலேறி வரும். அப்போது லிங்கியூவில் தேக்கிய நீரைத் திறந்து உப்பைத் தள்ளுகின்றனர். 2016 அக்டோபரில் அத்தேக்கத்தின் நீர்மட்டம் சுமார் 20 விழுக்காடாகத் தாழ்ந்தபோது, அந்தக் காவல் எத்துணை மெலிதானது என்பது புலனாயிற்று.

உலகின் மறுகோடியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் இதே பாடத்தைக் கற்கின்றனர். அங்கு நோயினால் ஆரஞ்சுத் தோட்டங்கள் பல பாழாயின. 2014 முதல் அவற்றுள் சிலவற்றைச் சுற்றிக் கரை எழுப்பி, கால்வாயின் மிகைநீரை ஏற்றித் தேக்குகின்றனர். நீர் மெல்ல மண்ணுள் இறங்குகிறது. உரச்சத்தும் வண்டலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. செயின்ட் லூசி கழிமுகத்திற்குச் செல்லும் மாசு குறைகிறது. கரை கட்டித் தேக்குவது நம் ஏரிகளின் பழைய நுட்பமே அன்றோ!

தைப்பூசத்துப் பாற்குடமாயினும், கும்பாபிஷேகத்துக் கலசமாயினும், அதில் நிறையும் நீர் எங்கோ ஒரு மேட்டு நிலத்தில் மழையாய் விழுந்ததேயாகும். அம்மேட்டின் மண் கெட்டால் கலசத்தின் தூய்மையும் கெடும். ஜொகூரில் இன்று பயனின்றிக் கிடக்கும் தோட்டநிலம் ஒவ்வொன்றையும், கட்டடத்திற்கோ குப்பைக்கோ ஆன வெற்றிடமெனக் கருதாது, நீருக்கான இடமாகவும் எண்ணிப் பார்ப்பது சமுதாயத்தின் கடமையாகும். கோயில் வளாகத்திலுள்ள வடிகாலைத் தூர்வாருவதும், பூசைப் பொருள்களை ஆற்றில் எறியாதிருப்பதும் அக்கடமையின் முதற்படிகளாம். ஏரி வாரியம் வைத்து நீர் காத்த மரபின் வழிவந்தோர், அம்மரபை இம்மண்ணிலும் தொடர இறைவன் திருவருள் துணைநிற்பதாக!