புல்லுக்கு யார் காசு கொடுத்தது?



நம்மிடம் படித்த தம்பி ஒருவர் துபாயில் கோல்ஃப் திடலில் புல் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். ("கல்ஃப்ல, கோல்ஃப்ல இருக்கான்" என்று அவர் அம்மா சொல்லும்போது கேட்கிறவர் நாக்கு சுழலும்.) போன வாரம் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "சார், ஆட வர்றவங்க தினமும் ஏதாவது குறை சொல்றாங்க. புல் சரியா வெட்டல, குழிப் பக்கம் தரை மெத்துன்னு இருக்கு, இவ்வளவு காசு வாங்கிட்டு இதுதானாங்கறாங்க. இந்த விளையாட்டு எப்பவுமே இப்படித்தானா சார்?"

ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. வாத்தியார் புத்தி. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

இந்த விளையாட்டின் தாயகம் ஸ்காட்லாந்து. 1457-லேயே அந்நாட்டு அரசர் இரண்டாம் ஜேம்ஸ், மக்கள் வில்வித்தை பழகாமல் இதில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று தடை போட்டார். அப்போது இதற்குத் திடல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கடற்கரைக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த மணல் மேட்டில்தான் ஆடினார்கள். கடல் பின்வாங்கி விட்டுப்போன நிலம் அது. கொற்கைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்ட, கடல் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஊரிலும் அப்படி ஒதுங்கிய நிலம் உழவுக்கு ஆகவில்லை. புல் முளைத்தது, ஆடு மேய்ந்தது.

புல்லை வெட்டியது ஆடு. உரம் போட்டதும் ஆடு. நம் பக்கம் வயலில் கிடை போட்டால் கீதாரிக்கு நெல்லோ பணமோ கொடுக்கிறோம். அங்கே ஆட்டக்காரர்களுக்கு அந்தச் சேவை இலவசமாகக் கிடைத்தது. காசு கொடுக்காத இடத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் குறை வந்தது, முயலால். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில்தான் உலகின் மிகப் பழைய திடல் இருக்கிறது. (22 குழியாக இருந்ததை 1764-இல் 18 ஆக்கியதும் அந்த ஊர்தான்; உலகமே இன்று 18 என்று ஆடுவது அதனால்தான்.) அந்த நகரசபை கடனில் மூழ்கி, 1797-இல் அந்த நிலத்தைக் கைமாற்றிவிட்டது. அதை எடுத்த வியாபாரிகள் இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல் வளர்த்தார்கள். முயல் சும்மா இருக்குமா? திடல் முழுக்க வளை தோண்டியது. அடித்த பந்து வளைக்குள் போய்விடுகிறது என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு, கைகலப்பு என்று இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார், தானும் ஆட்டக்காரர் என்பதால், நிலத்தை வாங்கி முயலை வெளியேற்றினார். என் பார்வையில் இந்த முயல் சண்டைதான் இந்த விளையாட்டின் முதல் பெரிய வாடிக்கையாளர் புகார். தம்பி, உன் திடலில் வருவதெல்லாம் அதன் பேரன்கள்.

அடுத்த திருப்பம் நம் ஆசியப் பக்கத்திலிருந்து போனது. அதுவரை பந்து என்பது தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்தது. கைவேலை, அதனால் ஏகப்பட்ட விலை; மழையில் நனைந்தால் போச்சு. 1848 வாக்கில் மலாயாக் காட்டு மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவை உருட்டிப் பந்து செய்யத் தொடங்கினார்கள். (கடலுக்கடியில் போன தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே பால்தான்.) விலை சரிந்தது, கூட்டம் பெருகியது, புல் தேய்ந்தது. இனி ஆட்டை நம்பினால் ஆகாது என்ற நிலை. 1860களின் நடுவில் டாம் மாரிஸ் என்பவரை வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளத்தில் திடல் காப்பாளராக செயின்ட் ஆண்ட்ரூஸில் வைத்தார்கள். மணலைத் தூவித் தூவிப் புல்லைத் தேற்றும் முறையை வழக்கமாக்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை திடலை மூடியவரும் அவரே. மனிதனுக்கு ஓய்வு வேண்டுமோ வேண்டாமோ, புல்லுக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பழைய திடலில் இன்றும் ஞாயிறன்று வழக்கமான ஆட்டம் இல்லை.

புல் வெட்டும் இயந்திரம் 1830-இலேயே வந்துவிட்டது. துணி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவும் எந்திரத்தைப் பார்த்து எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் செய்தது. மில் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று சொல்லிவைக்கிறேன்.

இனி நம் நாடு. பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில், 1829. கொழும்பில் 1879, அந்தத் திடலுக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. கொடைக்கானலில் 1895. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியைச் சேர்ந்த சரிவில் திடல் போட்டார்கள். ஊட்டியை இயற்கையான புல்வெளி என்று புகழ்ந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அதைத் தலைமுறை தலைமுறையாக மேய்த்துப் பேணியவை தோடர்களின் எருமைகள். ஸ்காட்லாந்து ஆடு செய்ததை இங்கே தோடர் எருமை செய்திருக்கிறது. கிளப் கணக்கில் அதற்கு ஒரு வரியும் இருந்திருக்காது. வேலிக்காகவும் அழகுக்காகவும் அவர்கள் கொண்டுவந்த கார்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடிதான் பிறகு புல்வெளிக்கே எமனாகப் பரவியது.

சமவெளியில் வெயிலில் புல் நிற்காது. அதனால் பல இடங்களில் குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி வைத்தார்கள். பச்சைக்குப் பதில் பழுப்பு. அதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இழுத்துச் சமன் செய்ய ஆள் வேண்டும். ஆள் கூலி மலிவு, அதனால் பிரச்சினை இல்லை.

சேவை என்று ஆட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியைத்தான். (போலீஸ் பட்டியல் கேடி அல்ல, இளையவன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.) எந்த இடத்தில் தரை எப்படிச் சாய்கிறது, பந்து எவ்வளவு உருளும் என்பது மட்டை பிடிப்பவரைவிட அவருக்குத்தான் தெரியும். தில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். மகன் அதே பட்டத்தை 2016, 2017 இரண்டு வருடமும் வென்றார். தம்பி, உன் பிள்ளைக்கு இதைச் சொல்லு.

வளைகுடாவிலும் முதலில் எண்ணெய் மணல்தான். ஆடுகிறவர் கையோடு ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைக் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். 1988-இல் துபாயில் எமிரேட்ஸ் கிளப் திறந்தபோதுதான் வளைகுடாவில் முதன்முதலாக முழுத் திடலும் புல் ஆனது. அந்தப் புல்லுக்கு வேண்டிய தண்ணீரைக் கடல்நீரிலிருந்து காய்ச்சி எடுத்தார்கள். இங்கே கோடையில் கேன் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் போய் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அங்கே காசு அதிகம் என்று ஆட்டக்காரர் முனகினால், அந்தக் காசில் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்று நீ மனதுக்குள் சொல்லிக்கொள்.

காசு குறைவாக இருந்த இடம் எது தெரியுமா? சென்னை கிண்டி. 1945-இல் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வருட வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. குதிரைப் பந்தயப் பாதைக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல். அங்கே ஆடியவர்களும் புல்லைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் பேசியிருப்பார்கள். எல்லாத் திடலிலும் பேசுகிற பேச்சுதானே. வாடகை உயர்வு வழக்கில் 2023-இல் உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. வழக்குகள் தொடர்ந்தன. அதற்கிடையே மாநகராட்சி அங்கே குளங்கள் வெட்டியது. வேளச்சேரிப் பக்கம் வருடா வருடம் வீட்டுக்குள் புகுந்த மழைத்தண்ணீர் அந்தக் குளங்களில் தேங்கட்டும் என்று.