கறுவா: வரலாறும் இரசாயனமும்

கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் இன்று கறுவா மரங்களைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். எனினும், அப்பெயர் ஒரு பொருளாதார வரலாற்றின் எச்சமாகும். 1658 இல் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய ஒல்லாந்தர், கறுவா வாணிபத்தைத் தம் கம்பனியின் தனியுரிமையாக்கினர். காடுகளிற் பட்டை உரிக்கும் ஊழியம் சலாகம சாதியினர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கறுவாக் காடுகள் பல கண்டியரசின் எல்லைக்குள் இருந்தமையால், அரசனோடு பகை மூண்டபோது பட்டை வரவு தடைப்பட்டது. இந்நிலையிலிருந்து விடுபடவே, தேசாதிபதி பல்க் (1765-1785) காலத்தில் மருதானையிற் கறுவா பயிரிடப்பட்டது.

கம்பனி நாடியது பட்டையின் விலையையே. அதன் மணத்துக்குரிய பொருளைப் பிற்காலமே கண்டறிந்தது. 1834 இல் பிரான்சிய இரசாயனவியலாளர் தூமாவும் பெலிகோவும் கறுவா எண்ணெயிலிருந்து சினமல்டிகைட்டைப் பிரித்தெடுத்தனர். 1970களில் விஜேசேகரவும் அவர்தம் குழுவினரும் கறுவாவின் இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் எண்ணெய்களை ஆராய்ந்தனர். பட்டை எண்ணெயிற் சினமல்டிகைட்டும், இலை எண்ணெயில் யூஜினோலும், வேர்ப்பட்டை எண்ணெயிற் கற்பூரமும் முதன்மை பெறுகின்றன. மரம் ஒன்றேயாயினும் உறுப்புக்கேற்ப இரசாயனம் வேறுபடுகின்றது. எனவே, உறுப்பைக் குறிப்பிடாது 'கறுவாச் சாறு' என்று பொதுப்படக் கூறுதல் ஆய்வாகாது. மூலிகையின் வேர், பட்டை, இலை எனப் பிரித்தே மருந்துரைத்த நம் வைத்திய மரபின் நுட்பமும் இதனாற் புலனாகும்.

சினமல்டிகைட்டும் யூஜினோலும் பங்கசுக்களின் கலமென்சவ்வைச் சிதைத்து, கன்டிடா, அஸ்பர்ஜிலசு போன்றவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. இவ்வாற்றலின் பெறுமதியை ஈழத்து வரலாறே உணர்த்தும். 1869 இல் இங்கு காணப்பட்ட ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்னும் பங்கசு, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கையை வீழ்த்தியது. தோட்டத்துரைமார் கடனில் மூழ்கினர்; தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோ வேலையும் கூலியும் இழந்தனர்.

கறுவா எண்ணெய் அன்று கோப்பியைக் காத்திருக்கும் எனக் கூறுதல் மிகையாகும். ஆய்வுகூடத் தட்டில் வென்ற எண்ணெய், வெயிலும் மழையும் உள்ள தோட்டத்தில் விரைவில் ஆவியாகிவிடலாம். மனித உடலிற் பயன்படுமுன் அதன் அளவும் நச்சுத்தன்மையும் சோதிக்கப்படல் வேண்டும். ஆயினும், பட்டையை மட்டும் ஏற்றுமதி செய்யும் நாடு அதன் பொருளறிவைப் பிறரிடம் விலைகொடுத்து வாங்க நேரிடும். உரிப்பவனின் உழைப்புக்கு உரிய பெறுமதி கிடைப்பதற்கு, அப்பட்டையை ஆராயும் அறிவும் இம்மண்ணிலேயே வளர்தல் வேண்டும்.